பில்லில் விட்டுப்போன மூன்று சுருள்... 16 மாதம் கழித்து வந்த போன்!

வைகாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். தோப்பில் விழுந்து கிடந்த மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது.

"ஏனுங்க, சொட்டுநீர் கடையில இருந்து பேசறனுங்க. உங்க கணக்குல ஒரு பாக்கி நிக்குதுங்க. பதினெட்டாயிரத்து நூத்தி இருபத்தி நாலு. இந்த வாரத்துக்குள்ள கட்டிப்போடுங்க."

அந்தக் கடையில் எங்களுக்குப் பற்று வரவே கிடையாது. 2024 தைப் பொங்கல் முடிந்த கையோடு 16 எம்.எம். லேட்டரல் குழாய் வாங்கினோம். பில் தொகை 26,813 ரூபாய். அதை அன்றைக்கே ஜி-பேயில் அனுப்பிவிட்டேன். வண்டியில் குழாய் வந்தது, இறக்கினோம், பதித்தோம், தண்ணீர் பாய்ந்தது. அதோடு மறந்தும் போனது. இப்போது 2025 வைகாசி. பதினாறு மாதம் கழித்துப் பாக்கி என்றால்?

"என்ன பாக்கிங்க?" என்றேன்.

"ஒம்போது சுருள் வந்துருக்குதுங்க. பில்லு ஆறுக்குத்தான் போட்டுருக்கு. ஸ்டாக் பாக்கறப்பத்தான் தெரிஞ்சுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'அது உங்க தப்பு, இப்ப வந்து கேட்டா என்ன அர்த்தம்?' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "ஒம்போது சுருளு எறக்குனது நானுதான கண்ணு. எண்ணித்தான் எறக்குனேன்" என்றார்.

ஆக, கடைக்காரர் சொன்ன எண்ணிக்கை உண்மை. கேட்ட தொகை சரிதானா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களில் படித்ததும், ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை. நம் பக்கத்தில் உரக்கடை, மோட்டார் கடை, தீவனக் கடை, குழாய்க் கடை என்று வருடம் முழுக்க பில் போட்டு வாங்குகிறோம். யாருக்கும் இப்படி ஒரு போன் வரலாம்.

முதலில், அது என்ன மாதிரி தவறு?

பில் தவறு என்று சொல்வதெல்லாம் ஒரே ரகம் அல்ல. நான்கைந்து பேரிடம் பேசியதில் மூன்று ரகம் கண்ணில் பட்டது.

ஒன்று, எங்களுக்கு நடந்தது. வந்த பொருள் அதிகம், பில்லில் ஏறியது குறைவு. அல்லது கூட்டல் தப்பு. பேசிய விலை தெளிவாக இருக்கிறது, கணக்குப் போட்டதில்தான் பிசகு. இதில் பணம் கொடுக்க வேண்டியது நாம்தான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. தவறுதலாக ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட பணமோ பொருளோ இருந்தால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குழாயை மண்ணிலிருந்து பிடுங்கித் திருப்ப முடியாது, காசாகக் கொடுக்கலாம்.

இதே பிரிவு நமக்கும் உதவும். ஒரே பில்லுக்கு இரண்டு முறை யு.பி.ஐ.யில் பணம் போய்விட்டால், கடைக்காரர் திருப்பித் தந்தாக வேண்டும். தேங்காய் வியாபாரி நமக்கு இரண்டு முறை அனுப்பிவிட்டால், நாமும் அப்படியே.

இரண்டாவது ரகம் வேறு. "அன்னிக்கு உங்களுக்குப் பழைய விலையில குடுத்துட்டமுங்க, புது விலை வந்திருந்தது கவனிக்கல" என்று சொல்வது. இது பில் தவறே அல்ல. அவர் ஒரு விலை சொன்னார், நாம் ஒப்புக்கொண்டோம், பணம் கொடுத்தோம், பொருள் கைமாறியது. வியாபாரம் அங்கேயே முடிந்தது. ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்துக்கொண்டதற்காக ஒப்பந்தம் ரத்தாகாது என்று அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. பழகிய கடைக்காரர், பாவம் என்று மனசு வைத்துக் கொடுத்தால் அது நம் பெரிய மனசு. கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மூன்றாவது ரகம்தான் அதிகம். நாம் கொடுத்த பணம் அவர்கள் கணக்கில் ஏறாமல் இருப்பது. கல்லாவில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார், பையன் பணத்தை வாங்கிச் சிட்டையில் எழுத மறந்திருப்பான். யு.பி.ஐ.யில் அனுப்பியிருந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். வங்கிக்குப் போய் அந்தத் தேதியின் கணக்கு அறிக்கையை வாங்கினால் பேச்சுக்கே இடமில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கடை ரசீதுதான் சாட்சி.

கடைக்குப் போன நாள்

போனில் பேசி முடிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்று தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். பழைய பில், ஜி-பே பதிவின் நகல், வண்டிக்காரர் கொடுத்த டெலிவரி சலான். சலானில் 9 என்று எழுதி, அப்பாவின் கையெழுத்து இருந்தது. அது எங்களுக்கு எதிரான சாட்சி என்று தெரிந்தேதான் கொண்டுபோனேன். அதை மறைத்துவிட்டு நியாயம் பேசப் போவது எங்கள் வீட்டில் நடக்காது.

கணக்குப்பிள்ளை ஒரு தாளை நீட்டினார். சுருள் ஒன்று 4,650 ரூபாய், மூன்று சுருள் 13,950. அதற்கு 12 சதவிகித ஜி.எஸ்.டி. 1,674. ஆக 15,624. அதற்கு மேல் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பதினாறு மாதத்துக்கு 2,500. மொத்தம் 18,124.

பழைய பில்லை விரித்து வைத்தேன். அதில் சுருள் விலை 4,200. ரொக்கத்துக்கு 5 சதவிகிதம் தள்ளுபடி வேறு.

"அன்னிக்கு 4,200-ன்னு பேசித்தானுங்க வாங்கினோம். இந்த மூணு மட்டும் எப்படீங்க 4,650 ஆகும்?"

"இப்பத்த விலை அதுதானுங்க."

"இப்ப வாங்கலீங்களே... அன்னிக்கு வாங்கினதுதானுங்களே."

அவரிடம் பதில் இல்லை. கணக்கை நானே போட்டுக் காட்டினேன். மூன்று சுருள் 12,600. தள்ளுபடி 630 கழித்தால் 11,970. வரி 1,436 ரூபாய் 40 காசு. மொத்தம் 13,406. அவர்கள் கேட்டதைவிட 4,718 ரூபாய் குறைவு. இது ஒரு மாதத் தீவனச் செலவு, சின்னத் தொகை அல்ல.

வட்டி விஷயத்திலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வட்டி பற்றி முன்பே பேசி எதுவும் எழுதவில்லை. வட்டியும் சேர்த்துக் கேட்போம் என்று எழுத்தில் அறிவிப்பும் வரவில்லை. அப்படி இருக்கும்போது வட்டி உண்டா, எவ்வளவு என்பது நீதிமன்றம் முடிவு செய்யும் விஷயம். தவறு அவர்களுடையது, அதைக் கண்டுபிடிக்கப் பதினாறு மாதம் எடுத்துக்கொண்டதும் அவர்கள். அதற்கு நாம் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

அடுத்தது வரி. எங்களிடம் ஜி.எஸ்.டி. கேட்பதென்றால் அதற்குத் தாள் வேண்டும். ஏற்கெனவே போட்ட பில்லில் தொகை குறைந்துபோனால் கடைக்காரர் 'டெபிட் நோட்' போட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த நோட்டில் பழைய பில்லின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் 18,124 என்று எழுதி நீட்டினால், அந்த வரி அரசாங்கத்துக்குப் போகுமா, கல்லாவுக்குப் போகுமா என்று யார் கண்டது? இதைக் கேட்டதும்தான் கணக்குப்பிள்ளை எழுந்து முதலாளியைக் கூப்பிடப் போனார்.

எத்தனை நாள் வரை கேட்கலாம்?

எல்லோரும் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான். "ஒரு வருஷம் தாண்டிட்டா கேக்க முடியாதுன்னு சொல்றாங்களே?" அப்படி இல்லை.

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, விற்று ஒப்படைத்த பொருளின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம். தவணை நாள் ஏதும் பேசவில்லை என்றால், பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கு. 'ரெண்டு மாசத்துல குடுக்கறேன்' என்று கடன் பேசியிருந்தால் அந்த இரண்டு மாதம் முடிந்த நாளிலிருந்து. எங்கள் விஷயத்தில் பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் அவர்கள் கேட்டதில் காலத் தடை ஒன்றும் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தவறு காரணமாக எழும் வழக்குகளில், தவறு தெரியவந்த நாளிலிருந்துதான் மூன்று வருடம் தொடங்கும் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. நான்கு வருடம் கழித்து வந்து 'எங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது' என்று கடைக்காரர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதே பிரிவிலேயே பதிலும் இருக்கிறது. ஒழுங்காகக் கவனித்திருந்தால் எப்போது கண்டுபிடித்திருக்க முடியுமோ அந்த நாளும் கணக்கில் வரும். வருடா வருடம் மார்ச் 31-இல் இருப்பு எண்ணிக் கணக்கு முடிக்கும் கடை, மூன்று சுருள் குறைவதை அப்போதே பார்த்திருக்க வேண்டாமா என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

இதைவிட முக்கியமானது நம் கையெழுத்து. மூன்று வருடம் முடிவதற்குள், 'பாக்கி உள்ளது' என்று நாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து மறுபடியும் மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். பாதித் தொகையைக் கட்டி, கட்டியதற்கு நம் கையால் எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான். காலம் முடிந்துபோன கடனுக்குக்கூட 'தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். அதனால் கணக்கு சரிபார்க்காமல் கடைப் பேரேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'சரிங்க, குடுத்தர்றேன்' என்று அவசரப்பட்டுத் தட்டிவிடாதீர்கள். அதுவும் சாட்சியாக வரலாம்.

போன் வந்த அன்றே நான் அனுப்பிய செய்தி இது. தேவைப்படுகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

'தாங்கள் கேட்ட தொகை பற்றி எங்கள் பில், சலான், பணம் செலுத்திய பதிவு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. எந்தத் தேதியில், எந்தப் பில் எண்ணில், எந்தப் பொருளுக்கு, என்ன விலையில் இந்தத் தொகை என்பதை எழுத்தில் தரவும். பார்த்த பிறகு நேரில் வருகிறோம். இந்தச் செய்தி பாக்கியை ஒப்புக்கொண்டதாக ஆகாது.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

உரம், மருந்து, விதை வாங்கும்போது

உரக்கடை விஷயத்தில் நமக்கு இன்னும் பலம் அதிகம். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உரம் விற்பவர் ரசீது கொடுத்தே ஆகவேண்டும். விதைக்கும் 1983-ஆம் ஆண்டு ஆணையில் அப்படியே உள்ளது. மானிய உரம் விற்பனைக் கருவியில் கைரேகை வைத்துத்தான் வருகிறது, அதன் சீட்டில் எத்தனை மூட்டை, என்ன விலை என்பது ஏறிவிடும். மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் அன்றைக்கும் வாங்கக் கூடாது, 'விட்டுப்போச்சு' என்று பிறகு வந்தும் வாங்கக் கூடாது. 45 கிலோ யூரியா மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு என்றால் அவ்வளவுதான். மீறினால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

பழக்கமான கடை என்பதால் பில் கேட்கக் கூச்சப்படுகிறோம். எங்கள் அப்பாவுக்கே அந்தக் கூச்சம் உண்டு. பில் இல்லாதவர் பின்னால் வரும் கணக்கை மறுப்பது கஷ்டம்.

மின்சார பில்லில் இது நடந்தால்?

விவசாயப் பம்புசெட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பல்லடம், சுல்தான்பேட்டை பக்கம் கோழிப்பண்ணை, விசைத்தறி இல்லாத ஊர் உண்டா? அவற்றுக்குப் பில் வருகிறது. வருடங்கள் கழித்து 'குறைவாகப் போட்டுவிட்டோம்' என்று நோட்டீஸும் வரலாம்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56(2) பிரிவு, ஒரு தொகை முதலில் செலுத்தத் தகுந்ததாகி இரண்டு வருடம் ஆனபின், இடையில் பாக்கி என்று தொடர்ந்து காட்டாமல் இருந்தால், அதை வசூலிக்க முடியாது என்கிறது. ராஜஸ்தானில் அஜ்மீர் மின்விநியோக நிறுவனம், 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரை தவறான கட்டணப் பிரிவில் பில் போட்டுவிட்டு, 2014 மார்ச்சில் வித்தியாசத்தைக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 பிப்ரவரி 18-இல் வந்த தீர்ப்பு என்ன சொன்னது தெரியுமா? தவறு பின்னால் தெரியவந்தால் கூடுதல் பில் போடலாம். ஆனால் இரண்டு வருடம் தாண்டிய அந்தத் தொகைக்காக மின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

அடுத்த வருடம், 2021 அக்டோபரில், இன்னொரு தீர்ப்பு. ஹரியானா பானிபட்டில் நூல் தயாரிக்கும் ஆலை ஒன்றுக்கு மீட்டரின் பெருக்கல் எண்ணை 10 என்பதற்குப் பதில் 5 என்று பதிந்துவிட்டார்கள். பயன்படுத்திய மின்சாரத்தில் பாதிக்குத்தான் பில் வந்தது. 2009-இல் சுமார் 1 கோடியே 35 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. விடுபட்ட தொகையைக் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆலைக்காரர் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அதனால் பண்ணைக்கோ தறிக்கோ திடீரென்று பில் பாதியாகக் குறைந்தால் சந்தோஷப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம், பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

மிரட்டினால்?

எங்களுக்கு நேர்ந்ததில் என்னை வருத்தியது பணம் அல்ல. நான் கடைக்குப் போவதற்குள், அந்தக் கணக்குப்பிள்ளை எங்கள் ஊர்ப் பேக்கரியில் டீ குடிக்கும்போது, "அவங்க கடையில பாக்கி வெச்சுட்டு இருக்கறாங்க" என்று நான்கு பேர் காதில் விழச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்திருப்பார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நாப்பது வருஷத்துல ஒருத்தருகிட்டயும் கடன் சொன்னதில்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் நான் முதலில் எடுத்ததும் இந்தப் பேச்சைத்தான். கணக்கு அதற்கு அப்புறம்தான்.

பாக்கி வசூல் செய்வது போலீஸ் வேலை அல்ல. 'ஸ்டேஷன்ல குடுத்துருவோம்' என்றால் பயப்பட வேண்டாம், இது சிவில் விவகாரம். பேசித் தீராவிட்டால் மாவட்ட, தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முன்பே சமரசம் பேசலாம். இலவச உதவி எண் 15100. அதிகம் வாங்கிவிட்டார்கள், பில் தர மறுக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 'விவசாயி எப்படி நுகர்வோர் ஆவார்?' என்ற கேள்விக்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம், தேசிய விதைக் கழக வழக்கில், விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்று பதில் சொல்லிவிட்டது.

போனில் மட்டும் பேசி, 'லிங்க் அனுப்பறேன், அமுக்குங்க' என்றால் அது கடையே அல்ல, திருட்டு. கடைப் பேரும் பில் தொகையும்கூடச் சரியாகச் சொல்வார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

முதலாளி வந்தார்

உள்ளே இருந்து வந்த முதலாளி பெரியவர். மூன்று தாள்களையும் வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். சலானில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும், "இதயும் நீங்களேதான் கொண்டு வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கணக்குப்பிள்ளையின் தாளை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். 13,406 ரூபாய்க்கு டெபிட் நோட் போடச் சொன்னார்.

"ரெண்டு தவணையா குடுங்க போதும். தப்பு எங்க பையன் பேர்ல."

முதல் தவணை அன்றே கொடுத்தேன், இரண்டாவது ஆடி வெட்டுத் தேங்காய்ப் பணத்தில். ஒவ்வொன்றுக்கும் ரசீது. கடைசி ரசீதில் 'இந்தப் பில் தொடர்பாக வேறு பாக்கி இல்லை' என்று எழுதி முத்திரையோடு வாங்கினேன். அதற்கு அவர் முகம் கோணவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவரே ஊருக்கு வந்தார். பேக்கரியில் டீ சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர்கள் என்னவென்று கேட்க, "எங்க கடையில பில்லு தப்பாப் போட்டுட்டோம், அவங்க தேடி வந்து குடுத்துட்டுப் போனாங்க, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அப்பாவோடு அரை மணி நேரம் தென்னையில் வெள்ளை ஈ பற்றித்தான் பேசினார். போகும்போது அம்மா ஒரு குலை செவ்விளநீர் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

இப்போது வண்டியிலிருந்து எது இறங்கினாலும், சலானையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கையெழுத்துப் போடுகிறார். டிரைவர் அவசரப்பட்டால், "இருப்பா, ஒரு டீத்தண்ணி குடி" என்கிறார்.